பால்மரக் காட்டில் ஒரு சிவப்புத் தட்டு

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நான்கு ஏக்கர் இரப்பர்த் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர், ஓர் ஆகஸ்டு மாதக் காலையில் பால்வெட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, முறிந்து விழுந்து கிடந்த ஒரு கிளையின் முன் வெகுநேரம் நின்றார். கிளையின் மேற்பக்கம் முழுவதும் சிறு சிறு தட்டுகள் முளைத்திருந்தன. ஒவ்வொன்றும் விசிறியைப் போல அரைவட்டமாக விரிந்து, செங்காவிக்கும் இரத்தச் சிவப்புக்கும் இடைப்பட்ட நிறத்தில் வெயிலில் சுடர்விட்டது. அழகான காட்சிதான். ஆனால், அவர் முகத்தில் கவலையே தெரிந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. மூன்றாம் நிரையில் அடுத்தடுத்து நின்ற மூன்று மரங்களின் இலைகள் சில வாரங்களாகவே பொலிவிழந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தன. ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலை உதிர்ப்பது இயல்பு. அப்போது தோட்டம் முழுவதும் ஒன்றாக உதிர்க்கும். ஆகஸ்டில், மூன்று மரங்கள் மட்டும் பழுப்பது இயல்பன்று. இரண்டு நாள்களுக்கு முன் அந்தப் பக்கம் வந்த மர வியாபாரி ஒருவர் மஞ்சள் இலைகளையும் பார்த்தார். சிவப்புத் தட்டுகளையும் பார்த்தார்.

“இது சிவப்பு நோய், ஐயா. வேருக்குள் இறங்கிவிட்டால் ஒரு மரம்கூட மிஞ்சாது. இப்போதே வெட்டினால் பலகைக்காவது ஆகும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், யோசித்துச் சொல்லுங்கள்,” என்று கூறி ஒரு விலையையும் சொல்லிவிட்டுப் போனார். குறைந்த விலை.

ஏறக்குறைய 600 மரங்கள். நட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. நல்ல முறையில் சீவினால் இன்னும் எட்டுப் பத்து ஆண்டுகளுக்குப் பால் தரக்கூடியவை. வீட்டுச் செலவு, பேத்தியின் படிப்பு எல்லாம் அந்த மங்குகளில் சொட்டும் பாலை நம்பியே ஓடின.

அன்று மாலை, படிவம் மூன்றில் பயிலும் பேத்தி அந்தக் கிளையைத் தன் கைப்பேசியில் படம் பிடித்தாள். படத்தைக் கொண்டு பெயர் சொல்லும் செயலி ஒன்று அவளிடம் இருந்தது. அது ஒன்றுக்கு மூன்று பெயர்களைக் காட்டியது. மூன்றும் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் காளான்கள். அவற்றுள் எது சரி என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

“தாத்தா, நாளைக்கு ஒரு துண்டை வெட்டி எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டட்டுமா?”

“கொண்டுபோம்மா. ஆனால், ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரியவேண்டும்.”

அவள் ஒரு தட்டை மட்டும் பிய்த்து எடுக்கவில்லை. தட்டு ஒட்டியிருந்த மரப்பட்டையோடு சேர்த்து, ஒரு சாண் நீளத் துண்டாகத் தாத்தாவை அறுத்துத் தரச் சொன்னாள். அதை நெகிழிப் பையில் போடாமல் பழைய நாளிதழில் சுற்றினாள். நெகிழிப் பைக்குள் காளான் வியர்த்து, ஓரிரு நாளில் அழுகிவிடும். தாளில் சுற்றினால் உலர்ந்து உருக்கெடாமல் இருக்கும். நாளிதழின் ஓரத்தில் நாள், இடம், மரத்தின் பெயர், கிளை தரையில் கிடந்ததா மரத்தில் நின்றதா என்ற விவரம் ஆகியவற்றை எழுதினாள். பெரும்பாலும் யாரும் எழுதாத அந்தக் கடைசி விவரம்தான் பிறகு மிகவும் உதவியது.

ஆசிரியர் அந்தத் துண்டைப் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிடவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

“நீயே சொல். மேலே பார்த்துவிட்டாய். கீழே பார்த்தாயா?” என்று கேட்டார்.

மாணவி துண்டைத் திருப்பினாள். அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட அடர்ந்த சிவப்பாக இருந்தது. சமையலுக்கு வாங்கும் காளானைப் புரட்டினால் தெரியும் மெல்லிய மடிப்புகள் அங்கு இல்லை. வழவழப்பான தோல் போலத்தான் தோன்றியது. ஆசிரியர் உருப்பெருக்கியைக் கொடுத்தார். அதன் வழியே பார்த்தபோது அந்தத் தோல் முழுவதும் ஊசியால் குத்தியதுபோல் நுண்ணிய துளைகள் நெருங்கி நிறைந்திருந்தன.

காளான் என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒரு பூஞ்சையின் வித்து பரப்பும் உறுப்பு மட்டுமே. அதன் உடல், மரத்துக்குள் நூல் நூலாகப் படர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் வாழ்கிறது. குடைக்காளான்கள் மடிப்புகளிலிருந்து வித்துத்தூளை உதிர்க்கின்றன. மரத்தில் தட்டுப் பலகைபோல் நீட்டிக்கொண்டு வளர்பவற்றுள் பெரும்பாலானவை துளைகள் வழியே உதிர்க்கின்றன. இவற்றைத் தட்டுக்காளான்கள் என்று அழைக்கலாம். தட்டுக்காளான்களை அடையாளம் காண்பதில் மேற்பக்கத்து நிறத்தைவிட அடிப்பக்கத்துத் துளைகளுக்கே மதிப்பு அதிகம். நிறம் வெயிலில் வெளிறும், மழையில் கருக்கும், முதுமையில் மாறும். துளையின் அளவு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

மாணவி அளவுகோலைத் துளைகளின் மேல் வைத்து, உருப்பெருக்கியில் கண்ணை வைத்து எண்ணத் தொடங்கினாள். முதல் முறை எண்ணிக்கை தவறிவிட்டது. இரண்டாம் முறை இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் பத்துத் துளைகள் வந்தன. வேறோர் இடத்தில் பதினொன்று. அப்படியென்றால், ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்து துளைகள் அல்லது சற்றுக் கூடுதல்.

அடுத்து, ஆசிரியர் கத்தியால் தட்டை நடுவே வெட்டினார். தட்டின் கனம் மூன்று மில்லிமீட்டர்தான் இருந்தது. வெட்டிய விளிம்பிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே செந்நிறம். வெள்ளை எங்கும் இல்லை. புதிதாக இருந்தபோது தோல்போல் வளைந்த அது, ஒரே நாளில் உலர்ந்து அட்டைபோல் விறைத்திருந்தது. காம்பு இல்லை, பக்கவாட்டில் குறுகி மரத்தோடு ஒட்டியிருந்தது. மேற்பரப்பில் மயிர் இல்லை. மெல்லிய வளையக் கோடுகள் சில மட்டும் தெரிந்தன.

“இப்போது நீ எழுதி வைத்ததைப் படி,” என்றார் ஆசிரியர்.

“பால்மரக் கிளை. தரையில் கிடந்தது. பட்டை உரிந்துவிட்டது. வெயில் விழும் இடம்.”

“சரி. பிக்னோபோரஸ் சங்குயினியஸ்.”

செத்த மரத்தில் வளரும் இந்தச் சிவப்புத் தட்டுக்காளானை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பார்ப்பதற்கு அடர்காட்டுக்குள் போக வேண்டியதில்லை. சாலையோரத்தில் வெட்டிப்போட்ட மரத்துண்டு, பழைய வேலிக்கால், தோட்டத்து ஓரத்தில் மக்கும் கட்டை என எங்கும் வளரும். நிழலை விரும்பும் பல காளான்களைப் போலன்றி, வெயில் படும் இடத்திலும் இது தயங்காமல் வளரும். வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் இது உண்டு. கார்ல் லின்னேயஸ் 1763ஆம் ஆண்டிலேயே இதற்கு ஓர் அறிவியல் பெயர் சூட்டினார். அமெரிக்கரான வில்லியம் முர்ரில் 1904இல் இதைப் பிக்னோபோரஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். அந்தக் கிரேக்கப் பெயருக்கு நெருக்கமான துளைகளை உடையது என்று பொருள். சங்குயினியஸ் என்பது இலத்தீன், இரத்த நிறத்தது. இன்றைய ஆய்வாளர்கள் சிலர் இதை டிராமீட்டஸ் என்னும் பேரினத்துக்கு மாற்ற வேண்டும் என்கின்றனர். பெயர் மாறலாம், பொருள் ஒன்றே.

இதற்குக் குளிர்நாடுகளில் ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் பெயர் பிக்னோபோரஸ் சின்னபாரினஸ். ‘சின்னபார்’ என்பது நம் சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்று வழங்கும் செந்நிறத் தாதுப் பொருள். சாதிலிங்க நிறத்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். அது இதைவிடத் தடித்தது, துளைகளும் பெரியவை. ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று அல்லது நான்கு துளைகளே இருக்கும். செயலி காட்டிய மூன்று பெயர்களில் இதுவும் ஒன்று. படத்தில் துளைகளை எண்ண முடியாதே! அதனால்தான் செயலி தடுமாறியது.

இவ்வளவு சிவப்பு எதற்கு? இந்தப் பூஞ்சை மரத்தைக் கரைக்க லாக்கேஸ் என்னும் நொதியைச் சுரக்கிறது. மரத்துக்கு உறுதி தருவது லிக்னின். அதைச் சிதைக்கும் ஆற்றல் உள்ள உயிர்கள் மிகச் சில. இத்தகைய பூஞ்சைகள் லிக்னினைக் கரைத்தபின், எஞ்சும் மரம் வெளிறி, நார் நாராகப் பிரியும். இதனை வெள்ளை மக்கல் என்பர். அதே லாக்கேஸ்தான் பூஞ்சையின் உடலில் உள்ள நிறமற்ற ஒரு பொருளைச் சின்னபாரினிக் அமிலம் என்னும் செந்நிறப் பொருளாக மாற்றுகிறது. அந்த நிறமிக்குச் சில பாக்டீரியாக்களை எதிர்க்கும் ஆற்றல் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஈரமான செத்த மரம் என்பது பல நுண்ணுயிர்கள் போட்டியிடும் விருந்து. அங்கு இடம்பிடிக்க இந்த நிறம் உதவக்கூடும். சாயப்பட்டறைக் கழிவுநீரின் நிறத்தை நீக்க லாக்கேஸைப் பயன்படுத்தலாமா என்றும் ஆய்வாளர்கள் பார்த்து வருகின்றனர்.

இதைச் சமைக்கலாமா என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். அட்டையைச் சமைப்பதற்கு ஒப்பாகும் என்றார் ஆசிரியர். செத்த பால்மரக் கட்டைகளில் செண்டாவான் கூக்கூர் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் சாம்பல் வெள்ளைக் காளான் வளரும். அதைச் சமைத்து உண்கின்றனர். ஒரே கட்டையில் இரண்டும் வளர்வது உண்டு. ஒன்றை உண்ணலாம் என்பதால் பக்கத்தில் உள்ளதையும் உண்ணலாம் என்று எண்ணுவது ஆபத்து. காளானைப் பொறுத்தவரை, நன்கு அறிந்த ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து உறுதி சொல்லாத எதையும் வாயில் வைக்கக்கூடாது. படம் போதாது.

மாணவியின் மனம் இதிலெல்லாம் இல்லை.

“டீச்சர், அப்படியென்றால் எங்கள் மரங்களுக்கு நோய் இல்லையா?”

“இந்தக் காளான் உன் தாத்தாவின் மரங்களைக் கொல்லவில்லை. செத்த கிளையில்தான் வந்திருக்கிறது. பிணத்தின் அருகே நிற்பவரெல்லாம் கொலையாளியா? ஆனால், நோய் இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று மரங்கள் ஏன் மஞ்சளாகின்றன? அதற்கு இது விடை ஆகாது.”

பால்மரத்தின் வேரைத் தாக்கும் பூஞ்சை நோய்களுள் மூன்று இந்நாட்டில் முக்கியமானவை. அவை வெள்ளை வேர்நோய், சிவப்பு வேர்நோய், பழுப்பு வேர்நோய் எனப்படுகின்றன. வியாபாரி சொன்ன சிவப்பு நோய் என்பது உண்மையிலேயே உள்ள ஒன்றுதான். ஆனால், அதிலுள்ள சிவப்பு, காளான் தட்டின் நிறமன்று. நோயுற்ற வேரின்மேல் போர்த்திக்கொள்ளும் பூஞ்சைத் தோலின் நிறம். அந்த நோயை உண்டாக்கும் கானோடெர்மா வகையின் தட்டு, மேலே கரும்பழுப்பாகவும் அடியில் வெண்மையாகவும் மரம்போல் கெட்டியாகவும் இருக்கும். பெயரில் உள்ள சிவப்பையும் கிளையில் கண்ட சிவப்பையும் ஒன்றாக்கியதே குழப்பத்துக்குக் காரணம். வியாபாரி வேண்டுமென்றே அப்படிச் சொன்னாரா, அறியாமல் சொன்னாரா என்பது வேறு கேள்வி.

மூன்றிலும் மிகுந்த சேதம் விளைவிப்பது வெள்ளை வேர்நோயே. சிங்கப்பூர்ப் பூங்காவனத்தில் பால்மரத்தை வளர்த்து, அதன் பட்டையைச் சேதமின்றிச் சீவும் முறையைக் கண்டறிந்த ரிட்லிதான் 1904இல் இந்நோயையும் அங்கே பால்மரத்தில் முதலில் பதிவு செய்தார். முன்பு வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணில் கிடந்து மக்கும்போது, அவற்றில் தங்கியிருக்கும் பூஞ்சை வெள்ளை நூல்களாக வேர் வழியே நகர்ந்து பக்கத்து மரத்தைப் பிடிக்கும். இலை மஞ்சளாவது கடைசிக் கட்டம். அதற்குள் வேர் பெரும்பாலும் அழுகியிருக்கும். அதன் காளானும் ஒரு தட்டுக்காளான்தான். ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்று பெயர். அதுவும் ஆரஞ்சு நிறமே. இங்கேதான் கண் ஏமாறும்.

ஆசிரியர் வேறுபாட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். ரிஜிடோபோரஸ், கிளையில் அன்றி மரத்தின் அடியிலோ அடிக்கட்டையிலோ அடுக்கடுக்காக வளரும். மேற்பக்கம் ஆரஞ்சுப் பழுப்பு. வளரும் விளிம்பு மட்டும் பளிச்சென்ற மஞ்சள். வெட்டிப் பார்த்தால் இரண்டு அடுக்குகள் தெரியும். மேலடுக்கு வெண்மை, துளைகள் உள்ள கீழடுக்கு செம்பழுப்பு. முழுவதும் செந்நிறமாக இருந்த மாணவியின் தட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வெட்டில் கண்டுகொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மாலை தாத்தாவும் பேத்தியும் மண்வெட்டியோடு மூன்றாம் நிரைக்குப் போனார்கள். மஞ்சள் மரங்களுள் நடுவில் நின்றதன் அடிமண்ணைத் தாத்தா மெல்ல விலக்கினார். வேர்ப்பட்டையின்மேல் வெள்ளை நூல்கள் கிளைவிட்டு, தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தன. கைவிரலால் சுரண்டினார். எளிதில் வரவில்லை. அடுத்த இரண்டு மரங்களிலும் அப்படியே.

“இருக்கிறதம்மா,” என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

பேத்தி சுற்றிலும் தேடினாள். நான்கைந்து அடி தள்ளி, புதருக்குள் மறைந்திருந்த ஒரு பழைய அடிக்கட்டையைக் கண்டாள். அதன் அடியில், மஞ்சள் விளிம்போடு ஆரஞ்சுத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்றைப் பாராங்கால் வெட்டிப் பிளந்தாள். மேலே வெள்ளை, கீழே செம்பழுப்பு.

அந்தக் கட்டையைக் கடந்துபோய் நான்காம், ஐந்தாம் நிரைகளிலும் தாத்தா பத்துப் பன்னிரண்டு மரங்களின் அடியைக் கிளறிப் பார்த்தார். வேர்கள் தூய்மையாக இருந்தன. கிளைகள் முறிந்து விழுந்த இடங்களில் மட்டும் அந்தச் சிவப்புத் தட்டுகள் முளைத்திருந்தன. அங்கிருந்த மரங்களின் இலைகள் பச்சைப்பசேலென்று இருந்தன.

சனிக்கிழமை காலை தாத்தா ரிஸ்டா அலுவலர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். சிறுதோட்டக்காரர்களுக்கு உதவுவதற்கென்றே 1973இல் அமைக்கப்பட்ட நிறுவனம் அது. அலுவலர் வந்து பார்த்துவிட்டு, மூன்று மரங்களையும் பழைய கட்டையையும் வேரோடு தோண்டி அகற்றச் சொன்னார். நோயுள்ள இடத்தைச் சுற்றிக் குழி வெட்டி, நோயுற்ற வேர்கள் நல்ல வேர்களைத் தொடாதபடி பிரிக்க வேண்டும். குழிக்கு வெளியே அடுத்து நிற்கும் மரங்களின் அடியில் பூசணக்கொல்லி மருந்து ஊற்ற வேண்டும். மருந்தின் அளவையும் எழுதிக் கொடுத்தார். செலவும் உடல் உழைப்பும் குறைவில்லை. பதினெட்டு ஆண்டு வளர்ந்த மூன்று மரங்களை இழப்பதும் சிறிய செய்தியன்று.

“மற்ற மரங்களை வெட்ட வேண்டுமா?” என்று தாத்தா கேட்டார்.

“எதற்கு? பால் வருகிறதே!” என்றார் அலுவலர்.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வந்தபோது தாத்தா அவருக்குத் தேநீர் கொடுத்தார். பிறகு, தோண்டிப் போட்டிருந்த மூன்று மரங்களைக் காட்டி, அவற்றுக்கு மட்டும் விலை பேசினார். வியாபாரி சிவப்புத் தட்டுகள் முளைத்த கிளையைச் சுட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேத்தி அதிலிருந்து ஒரு தட்டைப் பிய்த்து, இரண்டாகக் கிழித்து அவரிடம் நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூன்று மரங்களுக்கான பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

வேலை அதோடு முடியவில்லை. குழியை அடுத்து நின்ற எட்டு மரங்களின் அடியிலும் காய்ந்த புல்லையும் சருகையும் தடிப்பாகப் பரப்பச் சொல்லியிருந்தார் அலுவலர். ஈரமும் இருளும் கிடைத்தால், மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளை நூல்கள் மேலே வந்து மரத்தடியில் ஒட்டும். இலை பழுக்கும்வரை காத்திராமல் நோயை முன்கூட்டியே கண்டுகொள்ள அது எளிய வழி.

மூன்று வாரம் கழித்து, பள்ளி விட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் பேத்தி தாத்தாவோடு தோட்டத்துக்குப் போனாள். இருவரும் ஒவ்வொரு மரமாகப் புல்லை விலக்கினார்கள். முதல் மரம் தூய்மை. இரண்டாவதும் தூய்மை. ஏழு மரங்கள்வரை ஒன்றும் இல்லை. எட்டாவது மரத்தின் அடிப்பட்டையில், நூல்கண்டிலிருந்து பிரிந்ததுபோல் வெள்ளையாக ஒரே ஓர் இழை ஏறியிருந்தது. தாத்தா குனிந்து உற்றுப் பார்த்தார். அண்ணாந்து இலைகளைப் பார்த்தார். அவை இன்னும் பச்சையாகவே இருந்தன.

“மருந்து வாளியை எடுத்து வாம்மா,” என்றார்.